பொம்மை நோயாளியும் உயிருள்ள நர்சும்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்தில் ஒரு விசித்திரமான ஆப்பரேஷன் அறை இருக்கிறது. மேஜை இருக்கிறது, மயக்க மருந்து யந்திரம் இருக்கிறது, பிராணவாயுக் குழாய் இருக்கிறது. நோயாளி மட்டும் மனிதன் அல்ல. பொம்மை! பிளாஸ்டிக்கும் ரப்பரும் மோட்டாரும் கம்பியும் சேர்த்துச் செய்த ஆளுயரப் பொம்மை. அது மூச்சு விடுகிறது. மணிக்கட்டைத் தொட்டால் நாடி துடிக்கிறது. டாக்டர் மூச்சுக் குழாயைத் தப்பான வழியில் செருகிவிட்டால் அதன் நெஞ்சு ஏறி இறங்குவதில்லை. பக்கத்திலுள்ள கருவியில் ரத்தத்தின் பிராணவாயு அளவு மளமளவென்று சரிகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து இதையெல்லாம் ஆட்டுவிப்பவர் ஒரு டெக்னீஷியன். டாக்டர்களும் நர்சுகளும் வியர்க்க விறுவிறுக்க அந்தப் பொம்மையைக் காப்பாற்றப் போராடுகிறார்கள். தோற்றுப் போனாலும் எந்தப் பெண்ணும் தாலி இழப்பதில்லை.

மருத்துவ சிமுலேஷன் மையம் என்று இதற்குப் பெயர். 1993-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் மயக்க மருந்து டாக்டர்கள் கூடி இதை அமைத்தார்கள். பணக்கார நாட்டின் பணக்கார விளையாட்டு, மில்லில் எட்டு மணி நேரம் நின்று நூல் ஓட்டுகிறவனுக்கும், நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவளுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. இந்தப் பொம்மை வருவதற்கு முன்னால் டாக்டர்கள் எதன் மேல் கைபழகினார்கள்? யாருடைய உடம்பின் மேல் முதல் கத்தி வைத்தார்கள்?

ஜமீன்தாரின் உடம்பின் மேலா? மில் முதலாளியின் உடம்பின் மேலா? இல்லை! 1832-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு உடற்கூறு சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதிகளில் செத்துப்போன அநாதைகளின் பிணங்களை, கேட்பார் இல்லையென்றால் மருத்துவப் பள்ளிகள் அறுத்துப் படிக்கலாம் என்றது அந்தச் சட்டம். உயிரோடிருந்தபோது உழைப்பை எடுத்துக்கொண்டார்கள். செத்த பிறகு உடம்பை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இன்னும் கொடூரம். மாரியன் சிம்ஸ் என்ற டாக்டர் 1845 முதல் 1849 வரை அலபாமா மாகாணத்தில் அடிமைப் பெண்களின் மேல் திரும்பத் திரும்ப ஆப்பரேஷன் செய்து பழகினார். மயக்க மருந்து கிடையாது. அனார்க்கா, பெட்ஸி, லூஸி என்ற மூன்று பேருடைய பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சிம்ஸுக்கு நியூயார்க் பூங்காவில் சிலை வைத்தார்கள். ஜனங்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2018-ல்தான் அந்தச் சிலை அகற்றப்பட்டது.

அடிமை முறை ஒழிந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. காசு கொடுப்பவனுக்குப் பெரிய டாக்டர், தர்ம வார்டில் கிடப்பவனுக்குக் கற்றுக்கொள்ளும் பையன் என்பதுதான் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளின் எழுதாத சட்டமாக நெடுங்காலம் இருந்தது. ஆகவே, பழக வேண்டியதை உயிரில்லாத பொம்மையின் மேல் பழகு, பிறகு மனிதனிடம் போ என்று சொல்வது சின்ன விஷயம் அல்ல. ஏழையின் உடம்பு பள்ளிக்கூடப் பலகை அல்ல என்று ஒப்புக்கொள்வதாகும் அது.

இந்த யோசனை யாருக்கு உதித்தது என்று பாருங்கள். ஏதோ மகாமேதைகள் மாளிகையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததல்ல. பிரெஞ்சு தேசத்தில் தூ கூத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். துணியும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்து, கர்ப்பப்பையும் குழந்தையுமாக ஒரு பொம்மை செய்தார். 1759-ல் அரசாங்க உத்தரவு பெற்று, அந்தப் பொம்மையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். எழுத்தறியாத குடியானவப் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். குழந்தை குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்புவது என்பதைக் கையாலேயே தடவித் தெரிந்துகொள்ளச் செய்தார்.

அடுத்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாகாணத்தில் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே, தரையை விட்டு எழும்பாத ஒரு விமானத்தை 1929-ல் செய்தார். பொருட்காட்சி விளையாட்டு என்று சிரித்தார்கள். 1934-ல் தபால் ஏற்றிப் போன ராணுவ விமானிகள் அடுத்தடுத்து விழுந்து மாண்ட பிறகுதான் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. நார்வே தேசத்தில் லேர்டால் என்ற பொம்மை உற்பத்தியாளர், நின்றுபோன மூச்சை வாயோடு வாய் வைத்து ஊதி மீட்கக் கற்றுக்கொடுக்கும் பொம்மையை 1960-ல் கொண்டு வந்தார். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் முதலுதவி பழகியது அதில்தான். அந்தப் பொம்மையின் முகம் பாரிஸில் ஸீன் ஆற்றில் மிதந்து வந்த, பெயர் தெரியாத ஒரு இளம் பெண்ணின் முகம் என்பார்கள். கதையோ, நிஜமோ!

இப்போது பாஸ்டனுக்கு வருவோம். அந்த மையத்துக்கு முன்னின்றவர் ஜெஃப்ரி கூப்பர். இவர் டாக்டர் அல்ல, என்ஜினீயர். மயக்க மருந்து கொடுக்கும்போது ஏன் நோயாளிகள் செத்துப் போகிறார்கள் என்று டாக்டர்களை உட்கார வைத்து விசாரித்தார். தவிர்த்திருக்கக்கூடிய 359 சம்பவங்களைச் சேர்த்து 1978-ல் அறிக்கை வெளியிட்டார். அதில் 100-க்கு 82 மனிதத் தவறு என்று வந்தது.

மில்லில் வேலை செய்கிற தோழனுக்கு இந்த இடத்தில் காது விடைக்கும். "மனிதத் தவறு!" இதை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? பல் சக்கரத்தில் விரல் போனால், "தொழிலாளியின் கவனக்குறைவு." மூடி இல்லாத பெல்ட்டில் சேலை சிக்கினால், "அவள் அஜாக்கிரதை." மூடி போடாதவன் யார், வேகத்தைக் கூட்டியவன் யார், தூக்கம் இல்லாமல் இரண்டாவது ஷிப்டும் பார்க்கச் சொன்னவன் யார் என்று மானேஜ்மெண்டின் விசாரணை கேட்பதே இல்லை.

கூப்பர் அதைக் கேட்டார். அதுதான் அவருடைய பெருமை. தவறு செய்த கையோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கையைத் தவறச் செய்தது எது என்று தேடினார். களைப்பு, அவசரம், பழக்கம் இல்லாத கருவி, ஒருவரோடொருவர் சரியாகப் பேசாதது என்று காரணங்கள் வரிசையாக வந்தன. மயக்க மருந்து யந்திரத்தின் திருகுகளோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு! ஒன்றில் வலப்பக்கம் திருப்பினால் மருந்து கூடும், இன்னொன்றில் குறையும். பாதி ராத்திரியில் ஒரு டாக்டர் எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டால் குற்றம் யாருடையது? லாபத்துக்காக ஆளுக்கொரு தினுசாகச் செய்து விற்ற கம்பெனிக்காரனுக்கு அதில் பங்கு இல்லையா?

திருகுகளை மாற்றினார்கள். குழாய் கழன்றால் கூவும் மணிகளை வைத்தார்கள். ரத்தத்தில் பிராணவாயுவை அளக்கும் கருவியை விரலில் மாட்டினார்கள். 1980-களின் ஆரம்பத்தில் மயக்க மருந்து கொடுத்த 10,000 பேரில் 2 பேர் மாண்டார்கள் என்றும், பிறகு அது 2 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது என்றும் 1999-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை சொல்லிற்று. அதே அறிக்கைதான் அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் வைத்தியத் தவறுகளால் மட்டும் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை சாகிறார்கள் என்று போட்டு உடைத்தது. பாஸ்டனிலேயே ஒரு பெயர்பெற்ற புற்றுநோய் ஆஸ்பத்திரியில், நான்கு நாளுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை ஒவ்வொரு நாளும் முழுசாகக் கொடுத்து, பெட்ஸி லேமன் என்ற பத்திரிகையாளர் 1994-ல் இறந்து போனார். பத்திரிகையாளர் ஆனதால் நாடே பேசிற்று. பெயர் வெளிவராதவர்கள் எத்தனை பேர்!

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? இதையும் கேட்கத்தான் வேண்டும். மயக்க மருந்துத் தவறுகளுக்காக நோயாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். நஷ்ட ஈடு கொடுத்துக் கொடுத்து இன்ஷூரன்ஸ்காரர்களின் கை கடித்தது. ஹார்வர்டு ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமே, பொம்மைப் பயிற்சி பெற்ற மயக்க மருந்து டாக்டர்களுக்குப் பிரீமியத்தில் சலுகை கொடுக்க முன்வந்தது. மனித உயிருக்கு இறங்காத மனம் கஜானாவுக்கு இறங்கிற்று. அதனால் கூப்பர் போன்றவர்களின் நேர்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. நல்ல மனிதர்கள் முதலாளித்துவ சமுதாயத்திலும் உண்டு. அவர்களுடைய நல்ல யோசனை எப்போது நடக்க விடப்படுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

மையத்தின் உண்மையான வேலை பொம்மையோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நடந்ததைப் பேசுகிறார்கள். எவரையும் முட்டாள் என்று எண்ணிப் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பது அங்கே விதி. "ஏன் அப்படிச் செய்தாய்" என்று அதட்டுவதில்லை. "அந்த நேரத்தில் உனக்கு என்ன தோன்றிற்று" என்று கேட்கிறார்கள். இதை விமானிகளிடமிருந்து கற்றார்கள். 1977 மார்ச் 27-ல் டெனரீஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். எதிரே ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்கிறதோ என்று என்ஜினீயர் சந்தேகம் கேட்டார். தலைமை விமானி அதைத் தள்ளிவிட்டார். கீழே இருப்பவன் பேசினால் மேலே இருப்பவன் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க இத்தனை உயிர் வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் டேவிட் கேபா என்ற டாக்டர் 1980-களின் பிற்பகுதியில் மயக்க மருந்துக்கான பொம்மைப் பயிற்சியைத் தொடங்கி, விமானிகளின் இந்தப் பாடத்தையும் ஆப்பரேஷன் அறைக்குள் கொண்டுவந்தார். பாஸ்டன்காரர்கள் அவரிடம் கற்றார்கள்.

ஆப்பரேஷன் அறையிலும் மேஸ்திரி உண்டு, எடுபிடி உண்டு. தப்பு நடப்பதை முதலில் பார்ப்பவள் அநேகமாக நர்சுதான். அவள் வாய் திறக்கப் பயப்படுகிறாள். பொம்மையின் முன்னால் அவளைப் பேசப் பழக்குகிறார்கள். ரொம்ப நல்லது!

ஆனால், பயிற்சி முடிந்து அவள் எங்கே திரும்பிப் போகிறாள்? பொம்மைக்கு நாலு பேர் நின்றார்கள். நிஜ வார்டில் அவள் ஒருத்தி. நோயாளிகள் எத்தனை பேர்? ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், ஆப்பரேஷன் நோயாளிகள் 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 100-க்கு 7 பங்கு கூடுகிறது என்று லிண்டா எய்கன் என்ற நர்சிங் பேராசிரியை 2002-ல் கணக்கெடுத்துக் காட்டினார். பொம்மையால் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ஆள் போட்டால்தான் மாறும்.

தவறு நடந்துவிட்டால் என்ன ஆகிறது? டென்னசி மாகாணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 2017-ல் ஒரு நர்சு மருந்து அலமாரி யந்திரத்திலிருந்து தவறான மருந்தை எடுத்துக் கொடுத்து ஒரு மூதாட்டி இறந்தார். நர்சு தன் தவறை உடனே ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியோ மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைத்தது. 2022-ல் கோர்ட்டு குற்றவாளி என்று தீர்த்தது யாரை? நர்சை! ஆஸ்பத்திரி நிர்வாகம் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. கூப்பர் 1978-ல் சொன்னதை எல்லோரும் மேடையில் மெச்சுகிறார்கள். கோர்ட்டில் மட்டும் பழைய மில் விசாரணைதான்.

நம் நாட்டிலும் 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த விதிகள், மருத்துவக் கல்லூரிகளில் பொம்மைகளோடு கூடிய பயிற்சிக் கூடம் வேண்டும் என்கின்றன. வரவேற்கிறோம். நம்முடைய பிள்ளையின் கையில் முதல் ஊசி போடுகிறவர் அதற்கு முன் பொம்மையின் கையில் நூறு தடவை போட்டுப் பழகட்டும். ஆனால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில், தொகுப்பூதியத்தில் உழைத்த ஆயிரக்கணக்கான நர்சுகள் வேலை நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தார்களே, அதை மறந்துவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவள் பெரிய டாக்டரின் தவறை எப்படிச் சுட்டிக்காட்டுவாள்?

அமெரிக்க நர்சுகள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் அவர்களுடைய சங்கம் போராடி, ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999-ல் சட்டம் வாங்கிற்று. 2004-ல் அமலுக்கு வந்தது. பாஸ்டன் இருக்கும் மசாசூசெட்ஸ் மாகாணத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் 2014-ல் இப்படி ஒரு சட்டம் வந்தது. எல்லா வார்டுகளுக்கும் வேண்டும் என்று 2018 நவம்பரில் நர்சுகள் சங்கம் ஜன வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி முதலாளிகளின் சங்கம் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டிப் பிரசாரம் செய்தது. 100-க்கு 70 ஓட்டு எதிராக விழுந்தது. சிமுலேஷனுக்கு உலகத்துக்கே வழிகாட்டும் மாகாணத்தில்தான் இது நடந்தது!

நர்சுகள் ஓய்ந்துவிடவில்லை. அதே மாகாணத்தில் வூஸ்டர் நகரத்து செயிண்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரி, டெனட் என்ற லாபக் கம்பெனிக்குச் சொந்தமானது. 2021 மார்ச் 8-ம் தேதி அங்குள்ள நர்சுகள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். முக்கியக் கோரிக்கை கூலி உயர்வு அல்ல. வார்டுக்கு ஆள் போடு என்பதே. கம்பெனி அவர்களுடைய இடத்தில் வேறு ஆட்களை நிரந்தரமாக அமர்த்திப் பார்த்தது. 301 நாள் நின்றார்கள். 2022 ஜனவரியில், வார்டுகளில் நர்சுக்கு இத்தனை நோயாளி என்பதையும், வேலை நிறுத்தம் செய்த ஒவ்வொருவரும் அவரவர் பழைய இடத்துக்கே திரும்பலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.