குடம் நிறையும் சத்தமும் ஒரு ஹைட்ரஜன் அணுவும்



மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்து பெஞ்சு நண்பன், "இன்னா எழுதப் போற?" என்றான். உருண்டையான கூட்டுக்குள் அடைபட்ட அணுவைப் பற்றி என்றேன். "டேய், டிப்ளமோக்காரனுக்கு இதெல்லாம் இன்னாத்துக்குடா? கம்பெனியில வெர்னியர் புடிக்கத் தெரியுமான்னுதான் கேப்பான்!" என்று சிரித்தான். அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

விடியற்காலையில் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, அரைத் தூக்கத்தில் திண்ணையில் சாய்ந்திருக்கும் அம்மாவுக்குக் குடம் நிறையப் போவது எப்படித் தெரிகிறது? சத்தத்தை வைத்துத்தான்! தண்ணீர் ஏற ஏற, உள்ளே மிச்சமிருக்கும் காற்றுக்கு இடம் குறைகிறது; சுருதி ஏறுகிறது. எலக்ட்ரானும் ஓர் அலைதான். அதற்கும் இடத்தைக் குறைத்தால் ஆற்றல் ஏறும். கணக்கு வேறு, ஆனா சங்கதி ஒண்ணுதான்.

பள்ளியில் நாம் வரைந்த ஹைட்ரஜன் அணுவை நினைத்துப் பாருங்கள். நடுவில் புரோட்டான், ஒரு வட்டம், அதில் ஒரு புள்ளி. சுற்றிலும் வெள்ளைத் தாள்! தீபத்தன்று மாடவீதியில் அப்படித் தனியாக ஒருவர் நிற்க முடியுமா? அழுத்தம் மிகுந்த வாயுவில் அணுவின் கதியும் அதேதான். பக்கத்து அணுக்கள் நெருக்கும். 1937-இல் நெதர்லாந்தில் மிக்கெல்ஸ், டி போயர், பெய்ல் ஆகிய மூவர் இந்த நெருக்கலை ஒரு கோளச் சுவராகக் கற்பனை செய்தார்கள். எலக்ட்ரானால் ஊடுருவவே முடியாத சுவர். அந்தச் சுவரில் அலை சுழியாகிவிட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

இனிதான் வேடிக்கை. சுதந்திரமான ஹைட்ரஜனின் அடிநிலை ஆற்றல் மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட். நீல்ஸ் போரின் ஆரத்தைப் போல் 10 மடங்கு தூரத்தில் சுவர் எழுப்பினால் அணுவுக்கு அது கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. சரியாக 2 மடங்கில் எழுப்பினால்? பெரிய கம்ப்யூட்டர் ஒன்றும் வேண்டாம். சுதந்திர அணுவின் இரண்டாம் நிலையில், 2எஸ் என்கிறோமே, அந்த அலை தானாகவே 2 மடங்கு ஆரத்தில் சுழியாகிறது. அங்கே சுவர் வைத்தால் உள்பகுதி அலை அப்படியே பொருந்திவிடும்! ஆகவே அடைபட்ட அணுவின் அடிநிலை ஆற்றல் மைனஸ் 3.4. சும்மா நெருக்கியதிலேயே 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஏறிவிட்டது. சுவரை இன்னும் கொஞ்சம், 1.835 மடங்குக்குத் தள்ளினால் ஆற்றல் சுழி. அதற்கும் உள்ளே போனால் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருப்பது புரோட்டான் அல்ல, சுவர்தான்!

இந்த எல்லையைக் கணக்கிட்டவர்கள் ஜெர்மனியின் சோமர்ஃபெல்டும் வெல்கரும்; ஆண்டு 1938. அதற்குப் பத்தாண்டு முன்னால் அதே சோமர்ஃபெல்டு நம் சென்னைக்கு வந்திருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1928-இல் மாநிலக் கல்லூரியில் பேசினார். கேட்டவர்களில் ஒருவர் அங்கே இளங்கலை படித்த சந்திரசேகர். சோமர்ஃபெல்டின் அணு நூலைத் தானாகவே படித்து முடித்திருந்த அவர், ஓட்டலுக்கே போய் அவரைப் பார்த்தார். "நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது" என்ற பொருளில்தான் பதில் கிடைத்தது! நாமாக இருந்தால் அத்தோடு சோர்ந்து திரும்பியிருப்போம். அவரோ சோமர்ஃபெல்டு கொடுத்த, அப்போது அச்சில் இருந்த கட்டுரையின் புரூஃபை வாங்கிவந்து படித்தார். அடுத்த ஆண்டே அவருடைய சொந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஒரு விண்மீனையே எப்படித் தாங்குகின்றன என்ற கணக்கை 1930-இல் கப்பலில் போகும்போது போட்டார். அங்கே சுவர் கிடையாது, ஈர்ப்புவிசைதான் நெருக்குகிறது. வெண்குறுமீனுக்குச் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குதான் எல்லை என்பது அதில் பிறந்தது. நோபல் பரிசு 1983-இல் வந்தது.

வானம் தூரமாகத் தெரிந்தால் கடைத்தெருவுக்கு வாருங்கள். க்யூலெட் டிவி விற்கிறார்களே, அதிலுள்ள குவாண்டம் புள்ளிகளும் இதே கதைதான். ஒரே பொருள்; துகள் சிறிதானால் நீலம், பெரிதானால் சிவப்பு. 2023 வேதியியல் நோபல் இதற்குத்தான். அந்த டிவியை நாளைக்கு ரிப்பேர் பார்க்கப் போவது யார்? நம் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள்தானே!

இதை ஒருமுறை வகுப்பில் கேட்டேன். "சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்று பதில் வந்தது. நேரமில்லாத சிரமம் புரிகிறது, கோபமில்லை. ஆனால் "டிப்ளமோவுக்கு இது போதும்" என்று நமக்கு நாமே ஒரு கோளச் சுவர் கட்டிக்கொள்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன 2எஸ் கணக்கைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்க முதலாண்டு வகையீடு போதும். சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கரும்பலகை ஏற்பாடு செய்தால், நானே போட்டுக் காட்டத் தயார்.

கணக்கு நோட்டு இப்போது என்னிடம் இல்லை. அந்த வெர்னியர் நண்பன் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வாரம் ஆகிறது. பார்த்தால் திருப்பித் தரச் சொல்லுங்கள்.