வல்லயமும் பனுவலே: நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக் கருவிகளை முன்வைத்து

நாஞ்சில் நாட்டு நாட்டார் தெய்வ வழிபாடு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கதைப்பாடல்களையே மையமாகக் கொண்டுள்ளன. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கதைகள் பல வடிவங்களில் அச்சேறியுள்ளன. ஆனால் பீடத்தருகே சார்த்தி வைக்கப்படும் வல்லயம், வெட்டரிவாள், பிரம்பு, தீப்பந்தம், சாமியாடி அணியும் கச்சை, சல்லடம் ஆகியவை பெரும்பாலும் அருஞ்சொற்பொருள் அளவிலேயே நின்றுவிடுகின்றன. இவற்றையும் பனுவலின் பகுதியாகக் கொள்ளவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

இதற்குத் தமிழ் மரபிலேயே சான்றுண்டு. வெறியாடுவோனைத் தொல்காப்பியமும் சங்கப் பாடல்களும் 'வேலன்' என்றே சுட்டுகின்றன. ஏந்திய கருவியே அவனுக்குப் பெயராயிற்று. வில்லுப்பாட்டில் போர்க்கருவியாகிய வில்லே மணிகள் கட்டப்பெற்றுக் குடத்தின்மேல் இசைக்கருவியாக அமர்கிறது. கணியான் கூத்தின் கைவெட்டுச் சடங்கில் பலியின் குருதியைத் தருவது கத்தியே.

கருவிகள் மானிடவியலுக்கு உரியன, இலக்கியத்திற்கு அல்ல என்று மறுப்போர் உளர். இம்மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பாடலை நிகழ்த்துதலிலிருந்து பிரிக்காமல், கதையின் உச்சத்திற்கும் சாமியாட்டத்திற்கும் உள்ள உறவை விளக்கினார். பாட்டின் எப்பகுதியில் வல்லயம் சாமியாடியின் கைக்கு வருகிறது என்பது குறிக்கப்படாத பதிப்பு, அவ்வுறவைப் படிப்போர்க்குக் காட்டாது.

இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் 1950களில் பரப்பிய விக்கா நெறியோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு புலப்படும். கருப்புப் பிடிக் கத்தி, கோல், கிண்ணம் முதலிய அந்நெறியின் பலிபீடக் கருவிகளுக்குரிய பயன் ஏட்டில் எழுதிக் காக்கப்படுகிறது. அங்குக் கருவி பெரும்பாலும் தனியொருவருடையது. இங்கு அது கோயிலுக்குரியது. கொடையன்று அருள்வந்தவர் கைக்கு வருவது. அதன் முறைமையோ பூசாரி, சாமியாடி ஆகியோரின் நினைவில் மட்டுமே வாழ்கிறது.

மண்பீடம் இருந்த இடத்தில் கற்சிலை நிறுவப்பட்டு, ஆகமவழிப் பூசை தொடங்கும்போது பழைய வல்லயம் பயனற்றதாகிறது. அது மூலைக்குச் சென்றபின் அதனைப் பற்றிய சொற்களும் மறையும்.

ஆகவே, கதைப்பாடலைப் பதிப்பிப்போர் கருவியின் வட்டாரப் பெயர், செய்பொருள், செய்து தந்தவர், காப்பவர், ஏந்தும் உரிமையுடையவர், பாட்டில் அது எழும் இடம் ஆகிய ஆறனையும் பதிவு செய்தல் வேண்டும். இரும்பு அருங்காட்சியகத்திலும் எஞ்சும். அதனை யார், எப்போது, ஏன் எடுத்தார் என்பது ஆய்வாளர் எழுதிவைத்தாலன்றி எஞ்சாது.