வீலான் போட்டா வேலி போட்டாச்சா?

கொஞ்ச நாளா ஆணி ரொம்ப அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. வந்ததும் வராததுமா ஒரு சண்டையோட வர்றேன். பொட்டி தட்டுற சனங்க கவனமா படிங்க. மத்தவங்க சும்மா வேடிக்கை பாருங்க :-)

"ஹார்ட்பீட்டுக்கு தனி வீலான் போட்டாச்சு, இனி கவலையே இல்லை." இந்த வசனத்தை எந்த மீட்டிங்ல யார் சொன்னாலும் எனக்கு இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. காரணம் இருக்கு.

2023 ஜூன்ல ஒரு சாயங்காலம். ஒரு வாடிக்கையாளரோட பில்லிங் டேட்டாபேஸ், ரெண்டு சர்வர் க்ளஸ்டர்ல ஓடிட்டு இருந்தது. ஒண்ணு வேலை பார்க்கும், இன்னொண்ணு காத்துட்டு இருக்கும். ரெண்டுக்கும் பொதுவா ஒரே டிஸ்க், அதுக்குப் போற ஃபைபர் கேபிள் தனி. நெட்வொர்க் பக்கம் ரெண்டு ஸ்விட்ச், ஸ்டாக் பண்ணி வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு சர்வர்ல இருந்தும் ரெண்டு கேபிள், ஸ்விட்ச்சுக்கு ஒண்ணா. அதுல வீலான் 10 பயனாளர்களுக்கு, வீலான் 20 ஹார்ட்பீட்டுக்கு. பவர்பாயிண்ட்ல பார்த்தா எல்லாமே ஜோடி ஜோடியா, கல்யாணப் பத்திரிகை மாதிரி அம்சமா இருக்கும்.

பேக்கப்புக்கு வீலான் 30 வேணும்னு கேட்டாங்க. நெட்வொர்க் டீம்ல ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம், ரெண்டாவது சர்வரோட ட்ரங்க்ல 30-ஐ அனுமதிக்கிற கமாண்டை அடிச்சான். அந்த வகை ஸ்விட்ச்ல ஏற்கனவே இருக்கிற பட்டியலோட சேர்க்கணும்னா 'ஆட்'ங்கிற வார்த்தை வேணும். அதை விட்டுட்டா "சேர்க்கட்டுமா, மாத்தட்டுமா"ன்னு ஸ்விட்ச் கேட்காது. பழைய பட்டியல் காலி, 30 மட்டும் நிக்கும். தம்பி அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டான்.

ரெண்டு கேபிளும் ஒரே போர்ட் சேனல். அதனால 10, 20 ரெண்டுமே ரெண்டு கேபிள்லயும் ஒரே நொடியில போச்சு. ரெண்டாவது சர்வருக்கு முதல் சர்வரோட துடிப்பு கேக்கல. சரி, அண்ணன் போய்ச் சேர்ந்துட்டார்னு முடிவு பண்ணி, பொறுப்பா டிஸ்க்கை மவுண்ட் பண்ணி, ஜர்னலை ரீப்ளே பண்ணி, டேட்டாபேஸையும் கிளப்பிடுச்சு. அண்ணன் சாகவே இல்லை. அவர்பாட்டுக்கு அதே டிஸ்க்ல பில் எழுதிட்டு இருக்கார். ஈஎக்ஸ்டி4 மாதிரி சாதாரண ஃபைல் சிஸ்டத்தை ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா என்ன ஆகும்னு சொல்லணுமா? ராத்திரி எடுத்த பேக்கப்பைத் திரும்பப் போட்டாங்க. அன்னிக்குப் பகல் முழுக்கப் போட்ட பில்லை, காகிதத்தைப் பார்த்து அவங்க ஆளுங்க ரெண்டு ராத்திரி உக்காந்து மறுபடி தட்டினாங்க. அவ்வ்வ்.

விசாரணை நடந்தது. தீர்ப்பு: "மனிதத் தவறு". தம்பியை ப்ராஜெக்ட்ல இருந்து தூக்கினாங்க. டேமேஜர் ஒரு புது ஃபாரம் கொண்டுவந்தார். இனிமே வீலான் மாத்த மூணு கையெழுத்து வேணுமாம். அந்த மூணு பேர்ல ஒருத்தருக்காவது 'ஆட்' இல்லாதது கண்ணுல பட்டிருக்குமா?

என் கேள்வி இதுதான். ஒரு வார்த்தை விட்டுப்போனதுக்கே டிஸ்க் நாசமாகுதுன்னா, தப்பு வார்த்தையை விட்டவன் மேலயா, அப்படிக் கட்டினவங்க மேலயா?

வீலான்ங்கிறது என்ன? 802.1க்யூ தரப்படி ஃப்ரேம்ல சொருகுற 4 பைட் டேக். அதுல 12 பிட் நம்பருக்கு, அதனாலதான் 1-ல இருந்து 4094 வரைக்கும். ப்ராட்காஸ்ட் பிரிக்க, யார் யாரைப் பார்க்கலாம்னு கட்டுப்படுத்த அருமையான சமாச்சாரம், மறுக்கல. ஆனா அது சாக்பீஸ்ல போட்ட கோடு. கேபிள் அதே கேபிள், போர்ட் அதே போர்ட். ஸ்டாக் பண்ணின ஸ்விட்ச்சுங்க பொட்டி ரெண்டானாலும் கான்ஃபிக் ஒண்ணு. உடம்பு ரெண்டு, மூளை ஒண்ணு. அந்த மூளைக்குத் தப்பான ஒரு கமாண்ட் போனா எல்லா ஜோடியும் சேர்ந்தே சாயும்.

ஹார்ட்பீட்டுக்கு ரெண்டாவது பாதை வேணும்னா, சர்வர் டு சர்வர் நேரா ஒரு பேட்ச் கேபிள். நடுவுல ஸ்விட்ச்சே வேண்டாம். கிகாபிட் கார்டுக்கு க்ராஸ் கேபிள் கூடத் தேவையில்லை. கோரோசின்க் 3-ல எட்டு லிங்க் வரைக்கும் குடுக்கலாம், நாம ரெண்டு குடுத்தா போதும்.

இதுவரை அடுத்தவங்களைத் திட்டினேன். இப்ப என் முறை. அந்த க்ளஸ்டரை கான்ஃபிகர் பண்ணினது நான். ஏதோ ஒரு டுடோரியலைப் பார்த்து, முதல் வேலையா ஸ்டோனித்தை ஃபால்ஸ்னு போட்டது இந்தக் கைதான். எதிராளி செத்துட்டான்னு தோணினா, நம்பாதே, முதல்ல அவன் கரண்ட்டைப் பிடுங்கு, அப்புறம் டிஸ்க்கைத் தொடுன்னு சொல்றது ஸ்டோனித். அது ஓடியிருந்தா ஐபிஎம்ஐ வழியா முதல் சர்வர் ரெண்டாவதை அணைச்சிருக்கும். நெட்வொர்க்கே இல்லாத ரெண்டாவதால முதல்ல சுட்டுத்தள்ள முடிஞ்சிருக்காது, அதனால டிஸ்க்கைத் தொட்டும் இருக்காது. டெஸ்டிங் முடிஞ்சதும் ஆன் பண்ணிக்கலாம்னு நினைச்சேன். ஐபிஎம்ஐ போர்ட்ல கேபிளே சொருகல, அதை நானும் பார்க்கல.

ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுல சண்டை வந்தா ஓட்டெடுப்பு நடத்தி என்ன பிரயோஜனம்? அதனாலதான் கோரோசின்க்ல ரெண்டு நோடுக்குன்னே தனி செட்டிங் இருக்கு, ஒத்தை ஆளா இருந்தாலும் பெரும்பான்மைன்னு எடுத்துக்கும். ஃபென்சிங் இல்லாம அதை வெச்சிருக்கிறது, ரெண்டு பேர் கையிலயும் வீட்டுப் பத்திரத்தைக் குடுத்த கதை. மூணாவது ஓட்டுக்கு வேற இடத்துல ஒரு சின்ன மெஷின் போதும். விண்டோஸ்காரங்க 2016-ல இருந்து அதைக் க்ளவுட்லயே வெச்சுக்கிறாங்க.

விசாரணையில இதையெல்லாம் சொன்னேன். ஸ்டோனித்தை நான்தான் அணைச்சேன்னும் சொன்னேன். "அதெல்லாம் டெக்னிக்கல் டீடெயில்ஸ்"னு மினிட்ஸ்ல ஏறல. தம்பி பேர் மட்டும் ஏறுச்சு.

ஸ்டோனித்தை மறுநாளே ஆன் பண்ணிட்டேன். ரெண்டு சர்வரும் ஒரே நேரத்துல சுட்டுக்காம இருக்க, ஒரு பக்கம் கொஞ்சம் டிலேயும் வெச்சாச்சு. நேரடி கேபிளுக்குப் போட்ட டிக்கெட் மட்டும் மூணு கையெழுத்துல ரெண்டோட நிக்குது. மூணு மீட்டர் கேபிள். ரிச்சி ஸ்ட்ரீட்ல நானே ஒண்ணு வாங்கி பையில வெச்சிருக்கேன்.