போத்தலில் இல்லாத வருஷம்

பழைய வைன்களைச் சுவைபார்ப்பது பணக்காரரின் பொழுதுபோக்கு எண்டு லேசாகத் தள்ளிவிடுகிறோம். ஆனால் லெபனானின் ஷத்தோ முசார் வைன்களை வருஷ வரிசையில் வைத்துச் சுவைக்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ ஒரு போரின் நாட்குறிப்பை வாசிக்கிறார்கள்.

1930இல் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. திராட்சை விளைவது பெக்கா பள்ளத்தாக்கில். வைன் ஆக்குவது மலைக்கு அந்தப் பக்கம், கஸீரில். 1975 முதல் 1990 வரையான உள்நாட்டுப் போரில், அறுவடை லொறிகள் சண்டை நடந்த இடங்களைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. 1984இல் பழங்கள் வழியிலேயே புளிக்கத் தொடங்கிவிட்டன. 1976இல் வைனே இல்லை.

இங்கத்தைய சிவப்பு வைன் அறுவடை முடிந்து ஏழாவது வருஷம்தான் விற்பனைக்கு வரும். ஒபைடே, மெர்வா எனும் உள்ளூர்த் திராட்சைகளில் செய்யும் வெள்ளை வைனும் பல வருஷம் தாங்கும். அதனால்தான் போர்க்காலப் போத்தல்களைச் சுவைக்க முடிகிறது.

எனக்குப் பிரச்சினை இங்கேதான். போருக்குள் பிறந்த வைன் எண்டு சொன்னவுடன் குடிக்கிறவருக்கு ருசி கூடிவிடுகிறது. நிறுவனத்தை நடத்திய சேர்ஜ் ஹோஷாரை 1984இல் டிகேன்டர் சஞ்சிகை அந்த ஆண்டின் மனிதராகத் தெரிவுசெய்தது. அது நியாயம்தான். ஆனால் பழம் பறித்தவர்களையும் லொறி ஓட்டியவர்களையும் ஆர் கதைக்கிறார்கள்? ஒருவரின் போர் இன்னொருவரின் நாக்குக்குச் சுவையாகிறது எப்படியெண்டு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த வரிசையை ஆராவது பரிமாறினால், 1975க்கும் 1977க்கும் நடுவில் ஒரு வெறும் கிளாஸையும் வைக்கட்டும். முதலில் அதைப் பற்றிக் கதைப்போம்.