மனு வாங்கினால் பதில் சொல்ல வேண்டாமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 39 கவுண்டிகள். கவுண்டி என்றால் ஏறத்தாழ நம்மூர் மாவட்டம்தான். ஆனால் நிர்வாகம் செய்பவர்கள் கலெக்டர் போல மேலிருந்து வருபவர்கள் அல்ல. மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசிக் கவுண்டி உருவானது 1911-ல். அதன் பிறகு ஒன்றுகூட இல்லை.

யாரும் கேட்காமல் இல்லை. 1990-களில் கிங் கவுண்டியின் கிழக்குக் கிராமப்பகுதி மக்கள் 'சிடார் கவுண்டி' வேண்டும் என்றார்கள். வடக்கே ஸ்னோஹோமிஷ் கவுண்டியில் 'ஃப்ரீடம் கவுண்டி' கேட்டார்கள். காரணம் இதுதான்: 1990-ல் வந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்தை ஒட்டி, கிராம நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கிங் கவுண்டியில் அப்போதே 15 லட்சம் பேர். சியாட்டில் நகரத்து ஓட்டுகளுக்கு முன்னால் கிராமத்து ஓட்டு எம்மாத்திரம்?

மாநில அரசியலமைப்பு ஒரு கதவைக் காட்டியது. பிரியும் பகுதியில் பெரும்பான்மை வாக்காளர்கள் மனுக் கொடுக்க வேண்டும்; புதுக் கவுண்டியில் 2,000 பேராவது இருக்க வேண்டும். மக்களும் நம்பி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். 1998-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: மனு இல்லாமல் பிரிக்க முடியாது, ஆனால் மனு வந்துவிட்டதாலேயே பிரித்தாக வேண்டும் என்பதில்லை. அது சட்டமன்றத்தின் விருப்பம்.

தீர்ப்பு சட்டப்படி சரிதான். என் சண்டை நீதிமன்றத்தோடு அல்ல, சட்டமன்றத்தோடு. பிரிப்பது தவறென்று அவர்கள் நினைத்திருக்கலாம். சின்னக் கவுண்டியால் சாலையும் போலீஸும் சிறையும் நடத்தக் கட்டுப்படியாகாது என்பது நியாயமான வாதம். அதைச் சபையில் எழுந்து சொல்லட்டும், பெயர் பதிவாகும்படி எதிர்த்து ஓட்டுப் போடட்டும். மனுவை வாங்கிக் கிடப்பில் போடுவது நிர்வாகம் ஆகாது. அரசு ஆபீசில் காலம் தள்ளிய எனக்கு அந்த வித்தை நன்றாகவே தெரியும். 'முடியாது' என்றால் மனுதாரர் ஒரு நாள் திட்டுவார். பதிலே இல்லையென்றால் ஆயுளுக்கும் நம்பிக்கை இழப்பார்.

அப்படித்தான் நடந்தது. மனுக் கொடுத்ததுமே ஃப்ரீடம் கவுண்டி பிறந்துவிட்டது என்று சிலர் தாங்களே நிர்வாகம் நடத்தக் கிளம்பினார்கள். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஏற்கவும் கூடாது, தானே முடிசூட்டிக்கொள்வது ஜனநாயகம் அல்ல.

ஆனால் ஒரு வரி சட்டம் போதும்: பெரும்பான்மைக் கையெழுத்து சரிபார்க்கப்பட்டால், அடுத்த கூட்டத்தொடரிலேயே ஓட்டெடுப்பு கட்டாயம். தோற்றாலும் பரவாயில்லை, கேட்டதற்குப் பதில் கிடைத்திருக்கும்.