ஊசி இல்லாத நூலோட்டம்



சென்ற மாதம் பழைய சேலைகளைக் கிழித்துக் கால்மிதி நெய்வது பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் எழுதப்போவது நானே இன்னும் பழகிக்கொண்டிருக்கும் ஒரு வேலை. முழுதாகக் கைவரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2009 இல் வன்னியில் பட்ட காயத்துக்குப் பிறகு என் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சோறு பிசையலாம், விறகு கட்டலாம். ஊசி பிடிக்க முடியாது. அதற்கு முன் எங்கள் ஊரில் கல்யாணச் சட்டைகளைக்கூட நான்தான் தைத்துக் கொடுத்தேன். ஹுன்னஸ்கிரியவில் சித்தியின் லயத்துக்கு வந்த பிறகு யாராவது கிழிந்த துணியைக் கொண்டுவந்தால், கண் தெரிவதில்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் மகள் தொலைபேசியில் சில படங்களைக் காட்டினாள். கருநீலத் துணியில் வெள்ளை நூலால் சின்னச் சின்னக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் நாம் முதலில் பழகும் நூலோட்டம்தான், வேறொன்றும் இல்லை. ஜப்பானில் இதை சஷிகோ என்கிறார்கள். 2011 மார்ச் 11 ஆம் திகதி சுனாமி வந்தபோது ஒட்சுச்சி என்ற கரையோர ஊர் அழிந்துபோனது. அங்கே முகாமில் இருந்த பெண்கள் அந்த ஆண்டே இந்தத் தையலைச் செய்து விற்கத் தொடங்கினார்களாம். ஊசியும் நூலும் துண்டுத் துணியும் போதும், முகாமில் பாய் விரித்த இடத்திலேயே செய்யலாம். முகாமில் இருந்தவர்களுக்கு அந்த இடத்தின் அளவு தெரியும். எனக்கு ஆசை வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஊசி வேலையை ஏன் எனக்குக் காட்டுகிறாய் என்று மகளை ஏசிவிட்டேன்.

அவள் விடவில்லை. சஷிகோவில் கோகின் என்று ஒரு வகை இருப்பதைத் தேடிப் பிடித்துவிட்டாள். ஜப்பானின் வடக்கே சுகரு என்ற குளிர்ப் பிரதேசம். பருத்தி விளையாது. குடியானவர்கள் பருத்தித் துணி உடுக்கவும் அந்தக் காலத்து ஆட்சியாளர்கள் தடை போட்டிருந்தார்கள். சணல் போன்ற நாரில் நெய்த துணிதான். அதன் இடைவெளிகளால் குளிர்காற்று புகும். பெண்கள் அந்த இடைவெளிகளைப் பருத்தி நூலால் இழை எண்ணி எண்ணி அடைத்தார்கள். அழகு பிறகு வந்தது. 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் எண்ணி மறுபடி 5, 3, 1 என்று இறங்கினால் ஒரு வைரம். "இது கோலப் புள்ளிக் கணக்கு அம்மா" என்றாள். உண்மைதான்.

கோகின் கோடுகள் எல்லாம் ஊடை ஓடும் திசையிலேயே ஓடுகின்றன. அப்படியென்றால் ஊசி எதற்கு? நாடா போதுமே!

எங்கள் மலைக்குக் கீழேயே அந்த வித்தை இருந்தது. தும்பறைப் பாய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மெனிக்கின்னவுக்கு அருகே கலசிரிகமவில் தலைமுறை தலைமுறையாக நெய்கிறார்கள். முன்பு கற்றாழை நாரில், இப்போது பருத்தி நூலிலும். பாவு இழைகளைக் குச்சிகளால் எண்ணி எடுத்து யானை, மான், பறவை எல்லாம் கொண்டுவருவார்கள். 2021 இல் யுனெஸ்கோவும் இதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கலசிரிகமவில் பிறந்து தெல்தெனியப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு சிங்கள அக்காவிடம் போனேன். என் சிங்களம் அரைகுறை, அவருடைய தமிழ் அதைவிட மோசம். படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "குச்சியை இடது கையால் எடு, நங்கி" என்றார்.

வேலை இப்படித்தான். பாவும் கருநீலம், அடி ஊடையும் கருநீலம். வெள்ளை நூல் இரண்டு மடங்கு தடிப்பு. வெள்ளை எங்கே மறைய வேண்டுமோ அந்தப் பாவு இழைகளைத் தட்டைக் குச்சியால் மேலே எடுத்து, குச்சியை நிமிர்த்தி, திறந்த வழியால் வெள்ளை நாடாவை விட வேண்டும். எடுக்காத இழைகளின் மேல் வெள்ளை தெரியும். குச்சியை உருவி, மிதிபலகையை மிதித்து, சாதாரண நீல ஊடை ஒன்று போட்டு அடிக்க வேண்டும். நீல ஊடை போடாவிட்டால் துணிக்குப் பிடிமானம் இருக்காது. வெள்ளை ஒரு நகத்தின் அகலத்துக்கு மேல் மிதக்கக் கூடாது. மிதந்தால் வளையலில் மாட்டி இழுபடும்.

முதல் நாள் நான் தெரிய வேண்டிய இழைகளை மேலே எடுத்துவிட்டேன். ஒரு சாண் நெய்து பார்த்தால் மேலே ஒரே வெள்ளைக் குழப்பம். அழுகை வந்தது. அக்கா குனிந்து தறிக்குக் கீழே பார்த்துச் சிரித்தார். நானும் குனிந்தேன். வைரங்கள் எல்லாம் அடிப்பக்கம் ஒழுங்காக நின்றன. அதைப் பிரிக்க விடவில்லை அவர். பிரித்தது இன்னொரு பிழை. 5 எடுக்க வேண்டிய இடத்தில் 4 எடுத்திருந்தேன், பதினொரு வரிசை தாண்டித்தான் கண்ணில் பட்டது. ஒரு பின்னேரம் முழுதும் பிரித்தேன். இப்போது மகள் கட்டக் கொப்பியில் வரிசைகளைப் போட்டுத் தருகிறாள். முடித்த வரிசையில் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தி வைக்கிறேன்.

கோகின் தறிக்கு இப்படி இணங்குகிறது. நிமிர்ந்த கோடு வேண்டுமென்றால் பாவிலேயே தனி வெள்ளை இழை சேர்த்து ஏற்ற வேண்டும். வட்டமாக வளையும் மாதிரிகளுக்கு ஊசிதான். கை நன்றாக இருப்பவர்கள் தறிக்கு அலையாமல் தைத்தே பழகுங்கள். செலவும் குறைவு.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை ஜப்பான் சஷிகோ என்று சொல்லி விற்காதீர்கள். ஜப்பான் மாதிரியைப் பார்த்துத் தறியில் நெய்தது என்று சொல்லுங்கள், கேட்பவர்கள் அதையும் விரும்பித்தான் வாங்குகிறார்கள். நூல் விலையை மட்டும் பார்த்து விலை வைக்கவும் வேண்டாம். ஒரு சாண் துணிக்கு எனக்கு நான்கு மணித்தியாலம் போகிறது. நேரத்தைக் கொப்பியில் எழுதி வைத்து அதற்கும் கூலி போடுங்கள்.

அடிப்பக்கம் வைரம் விழுந்த அந்த முதல் துண்டைச் சித்தி தலையணை உறையாக்கிவிட்டார். நல்ல பக்கம் எது என்று இன்னும் எங்கள் வீட்டில் சண்டை. தறியில் இருக்கும் துணியில் முப்பத்தொரு வரிசை பாக்கி. மழை விட்டு பஸ் ஒழுங்காக ஓடினால் அடுத்த இதழுக்குள் இறக்கிவிடுவேன், படம் அனுப்புகிறேன்.