பேக்கப் இருக்கா? எங்கே இருக்கு?

சொந்தமா டொமைன் வாங்கி, வேர்ட்பிரஸ் போட்டு இணையதளம் நடத்துற நம்ம பசங்ககிட்ட "பேக்கப் எடுக்கிறியா?"ன்னு கேட்டா, பதில் ரெடியா வெச்சிருக்காங்க: "ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் பாத்துப்பான்." மக்களே, அவனை நம்பி உட்காராதீங்க!

2024 செப்டம்பர் 28 அன்று நம்ம உத்தனப்பள்ளி பக்கத்துல டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில தீப்பிடிச்சு உற்பத்தியே நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? சர்வர் மட்டும் என்ன வானத்துலயா மிதக்குது? அதுவும் ஒரு கட்டடத்துலதானே இருக்கு! 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸ்ல, ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஹெச் நிறுவனத்தோட டேட்டா சென்டர் எரிஞ்சுது. பேக்கப்பையும் அங்கேயே வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டுமே போச்சு. பல வருஷ உழைப்பு, ஒரே ராத்திரியில சாம்பல்.

சரி, வேற இடத்துல வெச்சா மட்டும் போதுமா? போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவன ஊழியர் ஒருத்தர் தவறுதலா டேட்டாபேஸையே அழிச்சுட்டார். பேக்கப்புக்கு அஞ்சு விதமான ஏற்பாடு இருந்தும் ஒண்ணும் சரியா உதவலை. ஆறு மணி நேரம் முன்னாடி தற்செயலா எடுத்த ஒரு பிரதிதான் காப்பாத்துச்சு. அவங்களுக்கே இந்த நிலைமைன்னா நாம எம்மாத்திரம்?

"என் சின்ன தளத்தை எவன் ஹேக் பண்ணப் போறான்?"னு கேக்காதீங்க. பாட்டுக்கு பெரியவன் சின்னவன் தெரியாது. பழைய பிளகின் இருக்கான்னு எல்லாக் கதவையும் தட்டிப் பாக்கும்.

டேட்டாபேஸ், படங்கள் ரெண்டையும் இறக்கி, ஒரு பிரதி வீட்டுல, ஒரு பிரதி வேற ஊர் சர்வர்ல வையுங்க. மாசம் ஒருதரம் உங்க கம்ப்யூட்டர்ல ஏத்திப் பாருங்க. திரும்ப ஏத்திப் பாக்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. அது வெறும் நம்பிக்கை!